ஒற்றைப்படைக்கு வெள்ளை அரிசி

1905 டிசம்பர் 5. கோலாலம்பூர் மனநல விடுதியில் இருந்த நோயாளிகளைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி, இடப்பக்கத்திலிருந்து எண்ணிக்கொண்டே போனார்கள். ஒற்றைப்படை எண் விழுந்தவர்கள் முற்றத்துக்குக் கிழக்கே இருந்த கட்டடத்துக்குப் போகவேண்டும். இரட்டைப்படை விழுந்தவர்களுக்கு மேற்குக் கட்டடம். இரண்டும் ஒரே மாதிரியான கட்டடங்கள். குழம்பு, காய், மீன் எதிலும் வேறுபாடு கிடையாது. சோறு மட்டும் வேறு. கிழக்கே அதுவரை போட்டுவந்த சயாம் வெள்ளை அரிசியே தொடர்ந்தது. மேற்கே புழுங்கல் அரிசி.

ஓராண்டு கழித்துக் கணக்குப் பார்த்தார்கள். வெள்ளை அரிசி சாப்பிட்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரி நோயால் இறந்திருந்தார்கள். புழுங்கல் அரிசி சாப்பிட்ட 123 பேரில் ஒருவர்கூட அந்த நோயால் சாகவில்லை. அவர்களில் இரண்டே பேருக்குத்தான் பெரிபெரி இருந்தது. அந்த இருவரும் விடுதிக்கு வரும்போதே நோயோடு வந்தவர்கள். இந்தச் சோதனையை நடத்தியவர் கோலாலம்பூர் மாவட்ட மருத்துவர் வில்லியம் பிளெட்சர். 1907இல் 'தி லான்செட்' இதழில் அதை வெளியிட்டார்.

நான் கிள்ளானில் பிறந்தவள். படிவம் ஆறு மாணவர்களுக்கு உயிரியல் நடத்தி ஓய்வு பெற்று, இப்போது பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் டியூஷன் எடுக்கிறேன். நுண்ணுயிரியல் பாடம் வந்தால் பிள்ளைகளுக்குக் கணினியில் பழைய சோதனைகளைச் செய்து பார்க்கும் சிமுலேஷன்கள் நிறையக் கிடைக்கின்றன. லூயி பாஸ்டரின் அன்னக் கழுத்துக் குடுவை இருக்கும். கழுத்தை உடைத்தால் சாறு கலங்கிக் கெடும், உடைக்காவிட்டால் தெளிவாகவே இருக்கும். 1928இல் கிரிஃபித் செய்த எலிச் சோதனை இருக்கும். 1952இல் ஹெர்ஷியும் சேஸும் வைரஸை மிக்சியில் சுழற்றிய சோதனையும் இருக்கும். எல்லாம் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் பிள்ளை எந்தப் பொத்தானை அழுத்தினாலும் கடைசியில் சரியான விடைக்கே போய்ச் சேருகிறான். தப்பான வழியில் போய் முட்டிக்கொள்ள அதில் இடமே இல்லை. சோதனை என்றால் விடை தெரிந்த ஒருவர் நடத்திக் காட்டும் வித்தை என்று அவன் நினைத்துக்கொள்கிறான்.

என்னிடம் படித்து இப்போது கணினித் துறையில் இருக்கும் ஒருவரிடம், நம் ஊர்ச் சோதனை ஒன்றை வைத்து ஒரு சிமுலேஷன் செய்து தரச் சொன்னேன். அதில் நீங்கள்தான் 1905இன் மருத்துவர். விடுதியில் ஆட்கள் கால் மரத்து, உடம்பு வீங்கி, குந்தி உட்கார்ந்தால் எழ முடியாமல், கடைசியில் இதயம் நின்று சாகிறார்கள். கையில் உள்ள பணத்துக்கு மாதம் ஒரு காரியம் செய்யலாம். இரத்தத்தையும் மலத்தையும் நுண்ணோக்கியில் பார்க்கலாம், கிருமியை வளர்த்துப் பார்க்கலாம், கட்டடத்தைச் சுண்ணாம்பும் கார்பாலிக் அமிலமும் போட்டுக் கழுவலாம், நோயாளிகளை இடம் மாற்றலாம், அரிசியை மாற்றலாம்.

பிள்ளைகள் பெரும்பாலும் முதலில் நுண்ணோக்கிக்குத்தான் ஓடுகிறார்கள். ஓடினால் அங்கே கிருமிகளும் தெரிகின்றன. மனிதக் குடலில் எப்போது பார்த்தாலும் கிருமி இருக்கத்தானே செய்யும்! "கண்டுபிடிச்சிட்டேன் டீச்சர்" என்று கையைத் தூக்குவார்கள். அடுத்த மாதமும் ஆட்கள் சாவார்கள்.

அவர்கள் நிற்கும் அதே இடத்தில் அன்று பெரிய பெரிய மருத்துவர்களும் நின்றார்கள். 1882இல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டார், மறு ஆண்டு காலராக் கிருமியைக் கண்டார். அதன்பின் எந்த நோய்க்கும் ஒரு கிருமி இருக்கும் என்ற நம்பிக்கை உலகமெங்கும் பரவியது. டச்சுக்காரர்கள் ஜாவாவில் பெரிபெரிக் கிருமியைத் தேட ஒரு குழுவையே அனுப்பினார்கள், கிடைத்துவிட்டதாகவும் அறிவித்தார்கள். மலாயாவில் பிரிட்டிஷ் நிர்வாகி ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் ஏற்பாட்டில் 1900இல் கோலாலம்பூரில் ஓர் ஆய்வுக்கூடம் உருவானது. இன்றைய மருத்துவ ஆய்வுக் கழகம் அதுதான். அதன் முதல் இயக்குநர் ஹேமில்டன் ரைட், புடு சிறைக் கைதிகளிடம் பெரிபெரியை ஆராய்ந்தார். வாய்வழி இறங்கும் ஒரு கிருமி இரைப்பையில் பெருகி நஞ்சைச் சுரக்கிறது என்பது அவர் கண்ட முடிவு. மூடர் அல்ல அவர். அந்தக் காலத்தின் மிகச் சிறந்த கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தக் காலத்தின் மிகச் சிறந்த கருத்தின் வழியே போய், தப்பான இடத்தில் நின்றார்.

வழியைத் திருப்பிவிட்டவர் நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த டபிள்யூ. எல். பிராடன். அவர் பார்த்தது ஆய்வுக்கூடத்தை அல்ல, சாப்பாட்டுத் தட்டை. மலாயாவில் மூன்று இன மக்கள் ஒரே மண்ணில், ஒரே வெயிலில் உழைத்தார்கள். பெரிபெரி கூட்டம் கூட்டமாகக் கொன்றது சீனத் தொழிலாளர்களை. அவர்கள் சாப்பிட்டது ஆலையில் நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசி. வீட்டிலேயே நெல் குத்திச் சாப்பிட்ட மலாய்க்காரர்களிடம் நோய் அரிது. தமிழர்களிடமும் அரிது. அவர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. 1907இல் இதையெல்லாம் ஒரு தடித்த நூலாக எழுதினார் பிராடன்.

வீட்டில் நெல் அவித்துப் பார்த்தவர்களுக்கு இதன் காரணத்தைப் புரியவைப்பது எளிது. நெல்லை ஊறவைத்து, உமியோடு ஆவியில் அவித்து, காயவைத்து, பிறகு குத்துகிறோம். அரிசியின் மேல்தோலிலும் முளையிலும் இருக்கும் பி1 வைட்டமின், ஊறி வேகும்போது நீரோடு சேர்ந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. அதற்குப் பிறகு ஆலையில் தீட்டினாலும் முழுதும் போவதில்லை. பச்சையாகத் தீட்டினால் தவிட்டோடு போய்விடும். எங்கள் பாட்டிக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. வெறும் பச்சரிசிச் சோறு வயிற்றில் நிற்காது என்பார், அவ்வளவுதான். தோட்டத்து லயத்தில் தமிழர்களை வேறு எத்தனையோ நோய்கள் தின்றன. இந்த ஒன்றிலிருந்து தப்பவைத்தது தஞ்சாவூரிலும் திருச்சியிலும் பழகிய நாக்கு. இதை அறிவின் பெருமை என்று சொல்லமாட்டேன். பழக்கம் தந்த அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வேன்.

ஆனால் பிராடன் சொன்னது ஒரு கவனிப்பு மட்டுமே. சீனர்களும் தமிழர்களும் அரிசியில் மட்டுமா வேறுபட்டார்கள்? வேலை வேறு, வீடு வேறு, மற்ற உணவும் வேறு. எதிர்த்துப் பேச எத்தனை வழியும் உண்டு. பிளெட்சரே பிராடனின் கருத்தை நம்பாமல்தான் சோதனையில் இறங்கினார். இங்கேதான் வரிசையில் நிறுத்தி எண்ணியதன் அருமை தெரிகிறது. யார் எந்தப் பக்கம் என்று மருத்துவர் தேர்ந்தெடுக்கவில்லை. அதனால் ஒரே ஒரு வேறுபாட்டைத் தவிர மற்ற எல்லாமே இரண்டு பக்கமும் ஏறத்தாழச் சமமாகிவிட்டன.

இன்னொரு நுட்பமும் உண்டு. கிழக்குக் கட்டடத்தின் தரையிலோ சுவரிலோ கிருமி இருந்தால் என்ன செய்வது? 1906 ஜூனில் பிளெட்சர் இரு கூட்டத்தையும் கட்டடம் மாற்றினார். அரிசியை மாற்றவில்லை. நோய் கட்டடத்தில் தங்கவில்லை. வெள்ளை அரிசிக்காரர்களோடேயே போயிற்று. என் வகுப்பில் இந்த இடமாற்றத்தைத் தானாகவே செய்து பார்க்கும் பிள்ளை எப்போதாவது ஒருத்தி வருவாள். அவளுக்கு மதிப்பெண் எவ்வளவு வந்தாலும் சரி, அவள் அறிவியல் படிக்க வேண்டியவள் என்று நான் குறித்துக்கொள்வேன்.

இத்தனைக்கும் பிறகு பிளெட்சருக்குக் காரணம் என்னவென்று தெரியவில்லை. அரிசியில் நஞ்சு இருக்கலாம், சத்துக் குறைவு இருக்கலாம், அந்தக் குறைவால் உடம்பு தளர்ந்து ஏதோ கிருமி நுழையலாம் என்று வழிகளைத் திறந்தே வைத்தார். பிராடனோ, நாள்பட்ட அரிசியில் உண்டாகும் நஞ்சுதான் காரணம் என்று அடித்துச் சொன்னார். தட்டைச் சரியாகக் காட்டியவர் காரணத்தில் தவறினார். அதே ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ஃபிரேசரும் தாமஸ் ஸ்டான்டனும் 1907இல் நெகிரி செம்பிலான் காட்டில் சாலை போட்ட 300 ஜாவானியத் தொழிலாளர்களிடம் இதை மறுபடி சோதித்தார்கள். நோய் ஒட்டுவதில்லை என்று நிறுவினார்கள். தீட்டும்போது கழியும் தவிட்டில்தான் காக்கும் பொருள் இருக்கிறது என்றும் காட்டினார்கள். ஜாவாவில் டச்சு மருத்துவர் எய்க்மான் தீட்டிய அரிசி தின்ற கோழிகளிடம் கண்டது மலாயாவில் மனிதர்களிடம் உறுதியானது. 1926இல் பத்தாவியாவில் ஜான்சனும் டோனாத்தும் அந்தப் பொருளை, அதாவது பி1 வைட்டமினை, படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். எய்க்மானுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது.

கிருமி இல்லாத ஒரு நோயை நுண்ணுயிரியல் வகுப்பில் ஏன் இவ்வளவு நேரம் நடத்துகிறேன் என்று கேட்கலாம். ஒரு நோய்க்குக் கிருமி காரணம் என்று சொல்லும் தகுதி, அது காரணம் இல்லை என்று கண்டுபிடிக்கவும் தெரிந்தவருக்குத்தான் உண்டு. அதற்காகத்தான்.

கணினித் திரையில் ஒவ்வொரு நோயாளியும் எண் போட்ட ஒரு புள்ளி. இறந்தால் புள்ளி சாம்பல் நிறமாகும். ஒருமுறை ஒரு பையன் கேட்டான்: "டீச்சர், பாதியிலேயே வித்தியாசம் தெரிஞ்சி போச்சே, அப்பவே ஏன் நிப்பாட்டல?" வகுப்பில் கேட்கவேண்டிய கேள்வி அதுதான். மனநல விடுதியில் அடைபட்டவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. சோதனையில் மனிதரின் சம்மதம் கட்டாயம் என்று நியூரம்பெர்க் நெறிகள் சொன்னது 1947இல்தான். கிழக்குக் கட்டடத்தாருக்குப் புதிதாக எதுவும் கொடுக்கவில்லை, முன்பு போட்ட அரிசியையே போட்டார்கள் என்பதும் உண்மை. இரண்டையும் சொல்லிவிட்டு, தீர்ப்பைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுகிறேன். சிமுலேஷனின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது. அந்தச் சோதனையை இன்னொரு முறை மனிதர்களை வைத்துச் செய்யக்கூடாது. புள்ளிகளை வைத்து எத்தனை முறையும் செய்யலாம்.

அடுத்த பாடம் கிள்ளான். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஜாலான் டிராவர்ஸ் வழியாக வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் வெறும் சாலைப் பெயர்தான். டிராவர்ஸ் அன்றைய சிலாங்கூர் மாநில மருத்துவர். 1901இல் கிள்ளான் மாவட்ட மருத்துவராக வந்து சேர்ந்த மால்கம் வாட்சனுக்குத் தோள் கொடுத்தவர். அந்த ஆண்டு செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம், அதாவது இன்றைய போர்ட் கிள்ளான், திறக்கப்பட்டது. திறந்த கையோடு காய்ச்சலில் ஆட்கள் சாய ஆரம்பித்தார்கள். துறைமுகத்தையே மூடிவிடலாமா என்று பேச்சு எழுந்தது. கொசுதான் மலேரியாவைச் சுமக்கிறது என்று ரொனால்ட் ராஸ் செக்கந்தராபாத்தில் கண்டுபிடித்து அப்போது நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன.

வாட்சன் சதுப்பை வடித்தார், காட்டை வெட்டினார், கடல் நீர் ஏறாமல் துறைமுகத்தைச் சுற்றிக் கரை கட்டவைத்தார். அவர் வெளியிட்ட கணக்கின்படி, கிள்ளானிலும் துறைமுகத்திலும் 1901இல் காய்ச்சலால் இறந்தவர்கள் 368 பேர். 1902இல் 59. 1905இல் 45. இந்த மூன்று எண்களைக் கரும்பலகையில் எழுதினால் போதும், வகுப்பே அமைதியாகும். நானும் அடுத்த கேள்விக்குப் போவேன்: "இதே மாதிரி காட்டை வெட்டினால் எல்லா இடத்திலும் மலேரியா போய்விடுமா?" எல்லோரும் தலையாட்டுவார்கள்.

போகவில்லை. ரப்பர் தோட்டங்கள் தாழ்ந்த கடலோரத்தை விட்டுக் குன்றுகளில் ஏறியபோது, காட்டை வெட்டிய இடங்களில் மலேரியா கூடியது. சமவெளிச் சதுப்பில் நோய் பரப்பிய கொசு நிழலில் வளரும் இனம். மரத்தை வெட்டினால் ஒழிந்தது. குன்றில் இருந்தது அனோஃபிலஸ் மாகுலாட்டஸ். அது வெயில் படும் தெளிந்த ஓடையில் முட்டையிடும். மரத்தை வெட்டி வெயிலை விட்டதும் அதற்குத் தொட்டில் கட்டியது போலாயிற்று. வாட்சன் தோட்டம் தோட்டமாகப் போய்க் குழந்தைகளின் வயிற்றைத் தடவி, மலேரியாவால் மண்ணீரல் வீங்கியவர்கள் எத்தனை பேர் என்று பட்டியல் போட்டார். தமிழ்க் குழந்தைகளின் மண்ணீரல்தான் அவருக்கு வரைபடம். சீஃபீல்டு தோட்டத்தில், இன்று சுபாங் ஜெயா அடுக்குமாடிகள் நிற்கும் பக்கத்தில், ஓடைகளை மண்ணுக்கடியில் குழாயில் விட்டார். பிறகு ஓடைகளில் எண்ணெய் தெளிக்கும் முறை வந்தது. என் தாத்தா கிள்ளான் வட்டாரத் தோட்டம் ஒன்றில் அந்த எண்ணெய் தெளிக்கும் வேலை செய்தவர். முதுகில் டின்னைச் சுமந்து ஓடை ஓடையாக நடந்திருக்கிறார். அறிவியல் வரலாற்றில் அவர் பெயர் இல்லை. வாட்சனுக்கு சர் பட்டம் கிடைத்தது.

இந்தப் பாடத்துக்கும் ஒரு திரை உண்டு. இரண்டு நிலப்படங்கள் இருக்கும்: ஒன்று சமவெளி, மற்றது குன்று. கொசு இனத்தைப் பார்க்காமல் கோடாரியை எடுப்பவர் முதல் படத்தில் ஜெயிப்பார், இரண்டாவதில் தோற்பார். ஒரே செயலுக்கு இரண்டு விளைவு. உயிரினத்தை இனம் பிரித்து அறிவது தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் பட்டியல் அல்ல என்பது அங்கே உறைக்கிறது.

மூன்றாவது பாடம் 1948. செம்பனைத் தோட்டங்களிலும் லாலாங் புல்வெளிகளிலும் வேலை செய்தவர்களைப் புதர்க்காய்ச்சல் பிடித்தது. மிகச் சிறிய உண்ணிப்பூச்சி கடித்து வருவது அது. கோலாலம்பூர் ஆய்வுக் கழகத்தில் லூத்வெய்ட்டும் இந்திய மருத்துவர் சவூரும் அந்த நோயைப் பல்லாண்டு ஆராய்ந்து, ஜப்பானியர் அறிந்த சுட்சுகாமுஷி நோயும் இதுவும் ஒன்றே என்று நிறுவியிருந்தார்கள். அங்கே ஜோசப் ஸ்மேடல், தியோடர் உட்வர்ட் முதலிய அமெரிக்க மருத்துவர்கள் ஒரு புது மருந்தோடு வந்தார்கள். வெனிசுவேலா மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து எடுத்த குளோராம்பெனிகால். 25 நோயாளிகளுக்கு மருந்து கொடுத்து, மருந்து பெறாத 12 பேரோடு ஒப்பிட்டார்கள். மருந்து பெற்றவர்களுக்குக் காய்ச்சல் மளமளவென்று இறங்கியது.

எதிர்பாராத செய்தி வேறு இடத்தில் இருந்தது. புதர்க்காய்ச்சல் என்று நினைத்து மருந்து கொடுத்தவர்களில் சிலருக்கு உண்மையில் டைபாய்டு. இரத்தத்தை வளர்த்துப் பார்த்தபோது தெரிந்தது. அவர்களும் குணமானார்கள்! அதுவரை டைபாய்டுக்கு மருந்தே கிடையாது. தப்பான நோய்க்கணிப்பு ஒன்று, ஆய்வுக்கூடம் ஒழுங்காக வேலை செய்ததால், ஒரு பெரிய கண்டுபிடிப்பானது. உலகத்தில் டைபாய்டுக்கு முதன்முதலாக நல்ல மருந்து கிடைத்தது கோலாலம்பூர் நோயாளிகளிடம்தான் என்று சொன்னால், நம் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள். அவர்கள் படிக்கும் பாடத்தில் அது இல்லை.

கடைசியாக 1998, 1999. நெகிரி செம்பிலான் பன்றிப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றார்கள். கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசியும் போட்டார்கள். சாவு நிற்கவில்லை. என் பிள்ளைகளிடம் மூன்றே தகவல்களைத் தருவேன்: நோய் வந்தது பெரும்பாலும் பன்றியோடு வேலை செய்யும் வளர்ந்த ஆண்களுக்கு, குழந்தைகளுக்கு அல்ல, தடுப்பூசி போட்டவர்களுக்கும் வந்தது, பன்றிகளும் நோயுற்றன. கொசுதான் காரணமென்றால் இது பொருந்துமா? 1905 பாடத்தை முடித்தவர்கள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் தனியே பிரித்தெடுத்த அந்தப் புது வைரஸ்தான் நிப்பா. அந்த நோயில் நாட்டில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள்.

பாஸ்டர் வேண்டாம், கிரிஃபித் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவர்களோடு இவர்களும் இருக்கவேண்டும். ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சிமுலேஷன் செய்தாலும் சரி, காகிதத்தில் கட்டம் போட்டு விளையாடினாலும் சரி, பிள்ளையைத் தோற்கவிடுங்கள். ஹேமில்டன் ரைட்டாக ஒரு மணி நேரம் இருந்து பார்க்கட்டும். பெற்றோருக்கும் மற்றவர்களுக்கும் இன்னொன்று. இந்த இலையைக் குடித்தேன் சர்க்கரை இறங்கியது, அந்தப் பொடியைத் தின்றேன் கல் கரைந்தது என்று நாள்தோறும் யாராவது வாட்ஸாப்பில் அனுப்புகிறார்கள். அனுப்பியவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அதைச் சாப்பிடாதவர்களுக்கு என்ன ஆயிற்று? அந்தக் கேள்விக்குப் பதில் வராத மருந்தை வாங்காதீர்கள்.